அவருக்குக் கோபம் உண்டு

போவன்பள்ளி, செகந்திராபாத்
12.5.2024

அன்புள்ள அன்னத்துக்கு மைனி ஜெயசுந்தரி எழுதுவது. கர்த்தர் இதுவரைக்கும் எங்களைக் கைவிடவில்லை. எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, முழங்கால் மடக்க முடியவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது?

உன் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. நீ எத்தனை தடவை போன் போட்டாயோ எனக்குத் தெரியாது. என் பிள்ளை பிளஸ்ஸன் என் போனில் உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறான். அதைத் திறக்க எனக்குத் தெரியாது. ஆனால் எழுதத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் என் எழுத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் இரண்டாம் தடவை படிக்க வேண்டி வந்ததில்லை.

விஷயம் இதுதான். வருகிற செப்டம்பரில் முதலாம் வருஷ நினைவு ஆராதனை. இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தில் ஒருவர் சபைக்கு முன்னால் நின்று வாசிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். பிளெசி எழுதுகிறாள். அவளுக்குத் தெரிந்த அப்பா போவன்பள்ளி மார்க்கெட்டில் முருங்கைக்காய் மண்டி வைத்திருந்த தனசிங் முதலாளிதான். அதற்கு முந்தின கதையைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது. கூடப் பிறந்தவள் நீ, எழுதி அனுப்பு.

பொன்சிங் விஷயத்தை ஒரே தடவை எழுதிவிடுகிறேன். உன் மகன் பதினைந்து வயதில் என் வீட்டு வாசலுக்கு வந்தான். பதினான்கு வருஷம் என் கையால் சாப்பிட்டான். கடையில் வைத்து, என் கண் முன்னால், இரண்டு கிலோ எடைக்கல்லால் உன் அண்ணன் தலையில் அடித்துக் கொன்றான். இப்போது ஜெயிலில் இருக்கிறான். கேஸ் இந்த வருஷக் கடைசியில் விசாரணைக்கு வருமாம். நான்தான் முதல் சாட்சியாம். அவ்வளவுதான். இனி அவன் பெயரை நானும் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

பதிலைப் பகலில் வருகிற மாதிரி ரிஜிஸ்டர் தபாலில் போடு. பகலில் பிளஸ்ஸன் கடையில் இருப்பான்.

இப்படிக்கு,
ஜெயசுந்தரி தனசிங்


திசையன்விளை
30.5.2024

என் அன்பான மைனிக்கு அன்னபுஷ்பம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தபால்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன். இங்கே வெயில் தாங்கவில்லை. கண் ஆபரேஷன் போன செப்டம்பரில் செய்ய வேண்டியது, நின்று போயிற்று. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் எழுதுகிறேன். கோடு வளைந்தால் மன்னிக்கவும்.

அண்ணன் கதை கேட்டீர்கள். எங்கய்யா குடிகாரர். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. ஒரு நாள் அய்யா எங்கம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முகத்தை அமுக்கிப் பிடித்தார். அம்மாவின் கால்கள் மண்ணை உதைத்தன. பிறகு உதைக்கவில்லை. அண்ணன் உள்ளே போய் உலக்கையை எடுத்து வந்தான். அய்யாவின் முழங்காலில் பக்கவாட்டாக ஒரே போடு போட்டான். காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அய்யா விழுந்தார். அண்ணன் அம்மாவைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கவிழ்த்து, தண்ணீர் வெளியே வருகிற மட்டும் முதுகில் குத்தினான். மறுநாள் காலையில் முருங்கை லோடு ஏற்றிய லாரியில் ஏறிப் போய்விட்டான். அப்படித்தான் ஹைதராபாத்துக்கு வந்தான்.

அய்யா சாகிற மட்டும் நொண்டிதான். ஆனால் அம்மாவை அப்புறம் தொடவில்லை. சந்தையில் வேட்டியை விலக்கி அந்தக் காலைக் காட்டி, "எம் மவன் போட்ட போடு, பாத்தியாவே! வேற எவனுக்குல வரும் இந்தக் கை?" என்று பெருமை அடிப்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இதையெல்லாம் சபையில் வாசிக்க முடியுமா, தெரியவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை எழுதவில்லை.

உங்கள் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் சூடாக்கிப் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
அன்னபுஷ்பம்


போவன்பள்ளி
19.6.2024

அன்புள்ள அன்னத்துக்கு, உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது, மார்க்கெட் முழுக்கச் சேறு. கடுகெண்ணெய் கேட்கவில்லை, டாக்டர் ஊசி போட்டிருக்கிறார்.

நீ எழுதிய உலக்கைக் கதையைப் பிளெசிக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா, இதெல்லாம் நக்கோ, வேணாம். பாஸ்டர் முன்னாடி வாசிக்கிறதா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அம்மாவைக் காப்பாற்றிய பிள்ளையைப் பற்றி வாசிக்காமல் வேறு யாரைப் பற்றி வாசிப்பது?

எனக்கும் எழுத நிறைய இருக்கிறது. அவர் கடை போட்ட புதிதில் யாதகிரி என்று ஒருவன் வாரம் தவறாமல் மாமூல் கேட்டு வருவான். மற்ற மண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். உன் அண்ணன் கொடுக்கவில்லை. யாதகிரி மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். மூட்டை தூக்குகிற ஹமாலிகள் தோளில் இரும்புக் கொக்கி மாட்டியிருப்பார்கள் அல்லவா? பக்கத்தில் நின்றவன் தோளிலிருந்து அதை உருவி, யாதகிரியின் புறங்கையில் இறக்கி, மேஜையோடு சேர்த்து அறைந்துவிட்டார். பிறகு கையில் கொக்கி தொங்கத் தொங்க அவனைத் தன் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட வைத்தார். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் ஒரு தமிழனிடமும் எவனும் மாமூல் கேட்கவில்லை.

வீட்டில் எப்படி என்று கேட்டால், பிள்ளைகள் வராமல் தட்டில் கை வைக்க மாட்டார். பிளஸ்ஸனைக் கிள்ளிய டியூஷன் வாத்தியாரை வகுப்பில் வைத்தே காலரைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினார். என் வலது கை முறிந்திருந்த மாதங்களில் பிளெசிக்குத் தினமும் ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பியது அவர்தான். எந்த ஆம்பிளை செய்வான்?

கடையில் அவர் எடைக்கல் எறிவது உனக்குத் தெரியும். கோபம் வந்தால் கையில் இருக்கிற கல்லை எறிவார். காதை ஒட்டிக்கொண்டு போகும், ஆனால் ஒருநாளும் ஒருவர் மேலும் பட்டது கிடையாது. அவ்வளவு துல்லியம். யாரை நோக்கி எறிந்தாரோ அவன் போய் அந்தக் கல்லை எடுத்து, சட்டையில் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டு, "போலே, போயி ரெண்டு டீ சொல்லு" என்பார். அத்தோடு கோபம் முடிந்தது. ஹமாலிகள் அதை "முதலாளி ஆசீர்வாதம்" என்று கேலி பேசுவார்கள். எலக்ட்ரானிக் தராசு வந்தபோது மற்றக் கல்லையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டார். இரண்டு கிலோக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டார். "நிறுக்கவா?" என்று கேட்டேன். "எறியத்தான்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

உன் கல்யாண சமயத்துக் கதை இருந்தால் எழுது.

ஜெயசுந்தரி


திசையன்விளை
11.7.2024

அன்பான மைனிக்கு, உங்கள் சுகம் அறிய ஆவல். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன்.

கல்யாணக் கதை. என் வீட்டுக்காரர் முதல் வருஷத்தில் ஒரு தடவை என்னைக் கன்னத்தில் அறைந்தார். யார் சொன்னார்களோ, அண்ணன் ரயில் ஏறி வந்துவிட்டான். மாப்பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய இரண்டு காலையும் கிணற்றுக் கயிற்றில் கட்டித் தலைகீழாக உள்ளே இறக்கினான். தலைமுடி தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் இறக்கிப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, தண்ணி எப்டி இருக்கு, குளிச்சியா? இன்னொரு தடவ கை நீளுமா?" என்று கேட்டான். மேலே தூக்கியதும் தன் துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டான். இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் இறக்கிற மட்டும் அண்ணனைத் தெய்வம் மாதிரி பேசினார்.

எங்கள் குடும்பத்தில் அன்பு என்றால் இப்படித்தான் வந்தது, மைனி. அடி விழுந்த பிறகு சாப்பாடு.

நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதப்போகிறேன். பிடிக்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். போன வாரம் சபையிலிருந்து ஒரு தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஹைதராபாத் வந்தேன், உங்களுக்குச் சொல்லவில்லை. ஜெயிலில் அவனைப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே விரல் நுழைகிற பள்ளம் இருக்கிறது. அந்தக் காது கேட்கவில்லை. மார்க்கெட்காரர்கள் சேர்ந்து அடித்தது என்று போலீஸ் எழுதியிருக்கிறதாம். "ஏல, ஜனங்க அடிச்சதா இது?" என்று கேட்டேன். "மாமாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். வக்கீலிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

மைனி, அன்றைக்கும் அண்ணன் எறிந்தானா?

அன்னபுஷ்பம்


போவன்பள்ளி
2.9.2024

அன்னத்துக்கு. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும். வேண்டாம் என்றதை எழுதினாய். நான் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குள் போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தார், உன் மகன் வந்து அடித்தான் என்று பிளஸ்ஸன் போலீசில் சொல்லியிருக்கிறான். அதுதான் கேஸ். கடையில் அன்றைக்கு இருந்த ஹமாலிகள் இப்போது பிளஸ்ஸனிடம்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நான் பேசவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு முடிந்துவிட்டது. பிளெசிக்குத் தமிழ் எழுத வராதே, இங்கிலீஷில் எழுதிப் போனிடம் கொடுத்தாள். போன் தமிழாக்கிக் கொடுத்தது. "சாந்தகுணமுள்ள வணிகரும் அர்ப்பணிப்புமிக்க குடும்ப மனிதருமான திரு. தனசிங் அவர்கள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை." குடும்ப மனிதராம். மற்றவர்களெல்லாம் காட்டு மனிதர்களா? குரல் உயர்த்தியதில்லையாம். அவர் கூப்பிட்டால் மார்க்கெட் கேட்டில் நிற்கிற லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பான்.

"இது யாருடி?" என்று பிளெசியிடம் கேட்டேன். "அப்பாதாம்மா" என்கிறாள். உலக்கை இல்லை, கொக்கி இல்லை, கிணறு இல்லை. பேகம்பேட்டில் அவள் ஆபீஸில் ரிட்டயர் ஆகிறவனுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

ஆராதனை பதினாலாம் தேதி. நீ வர வேண்டாம். பிளஸ்ஸன் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். அவன் கையும் அவன் அப்பா கைதான்.

ஜெயசுந்தரி


திசையன்விளை
9.9.2024

மைனிக்கு. சுகம் விசாரிக்கக் கூட எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

ஒரே ஒரு வரி கேட்கிறேன். "அவருக்குக் கோபம் உண்டு" என்று அந்தக் குறிப்பில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சபைக்கு முன்னால் அது வாசிக்கப்படட்டும். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கோபக்காரன்தான் என் அண்ணன். பொய்யான ஒருவருக்காக என்னால் அழ முடியாது.

அன்னபுஷ்பம்


போவன்பள்ளி
6.10.2024

அன்புள்ள அன்னத்துக்கு, கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும். எனக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

ஆராதனை நடந்தது. நீ கேட்ட வரி இல்லை. நான் சொன்னேன், பிளஸ்ஸன் அடித்துவிட்டான். பேனாவால் அடித்தான் என்று சொல்கிறேன், பயப்படாதே.

சபை நிறைய ஆட்கள். பிளெசி மைக்கைப் பிடித்து வாசித்தாள். "சாந்தகுணமுள்ள" என்று ஆரம்பித்ததுமே கடைசி பெஞ்சில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் யாதகிரி. தலை நரைத்து, பல் விழுந்து உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் அழைக்கவில்லை, தானாக வந்திருக்கிறான். வெளியே பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும்போது என் முன்னால் வந்து, தழும்பு விழுந்த கையைத் தூக்கி, "அம்மா, நான் யாரோ சாமியார் செத்துட்டார்னு தப்பான சர்ச்சுக்கு வந்துட்டேனோன்னு பயந்துட்டேன். இந்தக் கைக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று தெலுங்கில் கேட்டான். நானும் சிரித்துவிட்டேன். உன் அண்ணன் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அவனுடைய ஒரு கையில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். அந்தக் காகிதம் முழுக்கத் தேடினாலும் அவர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிளஸ்ஸனிடம் பேசினேன்.

"ஏம்ப்பா, கோர்ட்ல நான் என்ன சொல்லணும்?"

"அதான் சொல்லியாச்சேம்மா. அப்பா உட்கார்ந்து இருந்தாரு. அவன் வந்தான், அடிச்சான். ஹவ், ஆமான்னு தலையாட்டுங்க, போதும்."

"அப்பா உட்கார்ந்து இருந்தாரா?"

"அம்மா! அப்பா முதல்ல எறிஞ்சாருன்னு வெளியே வந்தா கேஸ் போச்சு. அவனுக்குத் தூக்கு கிடைக்கணுமா, வேணாமா?"

"உட்கார்ந்த இடத்துல அடி வாங்கிச் செத்தாருன்னு ஊரெல்லாம் பேசட்டும்கிறியா? கோழிய அறுக்கிற மாதிரி?"

"எப்டி செத்தா என்னம்மா? செத்துட்டாரு!" என்று கத்திவிட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். அவன் குழந்தைகள் ஓடிப்போய்ப் படுக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டன. சின்னவள், "நானம்மா, ராக்கு!" என்று தெலுங்கில் பாட்டி என்னையும் வர வேண்டாம் என்கிறாள். சோற்றைப் பொறுக்கியது நான்தான்.

மீதியை இப்போது எழுத மாட்டேன்.

ஜெயசுந்தரி


திசையன்விளை
3.11.2024

அன்பான மைனிக்கு. மழை விடவில்லை, கூரை ஒழுகுகிறது. நான் சுகம்.

இனி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன். விசாரணை இருபத்தொன்றாம் தேதி என்று வக்கீல் சொன்னார். வருகிறேன். கோர்ட் கேட்டுக்கு வெளியே நிற்பேன். உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், நீங்களும் என்னைப் பார்க்க வேண்டாம். நீங்கள் உள்ளே என்ன சொன்னாலும் என் அண்ணன் மனைவிதான் நீங்கள்.

அன்னபுஷ்பம்


போவன்பள்ளி
1.12.2024

அன்னத்துக்கு. நான் சுகம்தான். பிளெசி வீட்டில் இருக்கிறேன். அவள் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. பிளஸ்ஸன் கோர்ட் வாசலிலேயே என்னை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆட்டோ பிடித்து வந்தேன். நீ கேட்டுக்கு எதிரே பழக்கடை நிழலில் நின்றதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனேன்.

உள்ளே என்ன நடந்தது என்று வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது போதாது, நான் எழுதுகிறேன். எல்லாம் தெலுங்கில் நடந்தது, உனக்குத் தமிழில்.

அரசு வக்கீல் கேட்டார், "நீங்கள் கடைக்குள் போனபோது உங்கள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரிதானே?"

"இல்லை. நின்றுகொண்டிருந்தார்."

"உட்கார்ந்திருந்ததாகப் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள்."

"போலீசில் சொன்னது என் மகன். நான் அப்போது சேலையில் இருந்த ரத்தத்தைப் பிழிந்துகொண்டிருந்தேன்."

பிளஸ்ஸன் எழுந்து, "அம்மா!" என்றான். உட்காரச் சொன்னார்கள். ஜட்ஜ் என்னைப் பார்த்து, பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

உன் மகன் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இவர் முடியாது என்றார். அவன் மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது, "எதுத்தா பேசுத?" என்று கல்லை எடுத்து எறிந்தார். அது அவன் காதுக்கு மேலே பட்டது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. முருங்கைக் கட்டுகள் மேல் விழுந்தான். ஹமாலிகள் சிரித்தார்கள். என்றைக்கும் போல விளையாட்டுக்கு விழுகிறான் என்று நினைத்தார்கள்.

அவன் எழுந்தான். ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. குனிந்து கல்லை எடுத்தான். சட்டையில் துடைத்தான். உன் அண்ணனிடம் நடந்து வந்தான். இவர், "கொண்டால" என்று கையை நீட்டினார். பதினான்கு வருஷமும் அப்படித்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதனால்தான் ஒருவரும் குறுக்கே போகவில்லை, அன்னம். நானே, "ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க" என்று கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன்.

முதல் அடி நெற்றியில் விழுந்தது. இவர் விழவில்லை. அவன் கழுத்தைப் பிடித்தார். இரண்டாவது அடியில் ஒரு கண் போயிற்று. அப்போதும் விடவில்லை, அவன் கட்டை விரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது அடியில்தான் முழங்கால் மடங்கியது. கேரியர் கவிழ்ந்து சாம்பாரும் ரத்தமும் ஒன்றாக ஓடின. அதற்குப் பிறகு அவன் அடிக்கவில்லை. கல்லை மேஜையில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, "அத்தே, மாமாவ எழுப்புங்க" என்றான். மார்க்கெட் ஜனங்கள் வந்து அவனை இழுத்துப்போய் மிதித்தார்கள்.

"இத்தனை நாள் சொல்லாமல் இப்போது ஏன் சொல்கிறீர்கள்? அவன் உங்கள் சொந்தம் என்பதாலா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"ஐயா, என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் அடி வாங்கிச் சாகிற ஆள் இல்லை. அவர்தான் முதலில் எறிந்தார். அறுபத்தேழு வயதில் எறிந்தார். மூன்றாவது அடி வரைக்கும் நின்றார். அவருக்குக் கோபம் உண்டு. அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். எனக்கு வாசித்தும் காட்டினார்கள். உன் அண்ணனுடைய வாழ்க்கைக் குறிப்பு அங்கேதான் சரியாக வாசிக்கப்பட்டது.

அவன் எதற்காக ஊருக்குப் போகக் கேட்டான் என்றும் ஜட்ஜ் கேட்டார். சொன்னேன். உனக்கு எழுத மாட்டேன்.

ஜெயசுந்தரி


திசையன்விளை
16.2.2025

என் உயிரான மைனிக்கு, கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. உங்கள் முழங்காலை விசாரித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது. திட்டம் போட்டுச் செய்த கொலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷம். உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொள்வார்களாம். நான் உயிரோடு இருந்தால் அவனை வீட்டு வாசலில் பார்ப்பேன்.

அவன் ஊருக்கு வரக் கேட்ட காரணத்தை வக்கீல் சொன்னார், மைனி. என் கண் ஆபரேஷனுக்குத் துணையாக வரத்தான் கேட்டிருக்கிறான். லோடு வருகிற வாரம் என்று அண்ணன் விடவில்லை. நான்தான் போனில், "நீ வந்தாத்தான் ஆபரேஷன்" என்று பிடிவாதம் பிடித்தேன். நீங்கள் எனக்கு எழுத மாட்டேன் என்று சொன்னது ஏன் என்று இப்போது தெரிகிறது. இத்தனை மாதம் இதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு என் கண்ணைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள்.

அவனை நீங்கள் மன்னித்தீர்கள். உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருக்கிறது. ஈஸ்டருக்கு வரட்டுமா? பிளஸ்ஸன் அடித்தாலும் அடி வாங்கிக்கொள்கிறேன்.

அன்னபுஷ்பம்


போவன்பள்ளி
4.3.2025

அன்னத்துக்கு. நான் சுகம். பிளஸ்ஸன் வந்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். என்னோடு பேச்சு வார்த்தை இன்னும் இல்லை, ஆனால் என் மாத்திரையை அவனே எடுத்து வைக்கிறான்.

நீ வர வேண்டாம். நன்றியும் எழுத வேண்டாம். நான் உன் மகனை மன்னிக்கவில்லை. அவனுக்காகக் கூண்டில் ஏறவில்லை, என் வீட்டுக்காரருக்காக ஏறினேன். அவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னேன். அதில் உன் மகன் தப்பித்தான் என்றால் அது அவன் மாமா அவனுக்குக் கடைசியாகப் போட்ட சாப்பாடு.

கோர்ட்டில் நான் ஒன்றைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை. கடைசி வருஷத்தில் உன் அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அவருக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. காபியை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பேன், அதுவும் யாரும் பார்க்காதபோது. செக்கில் கையெழுத்து சரியாக வரவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அவர் எல்லோருக்கும் எறிகிற மாதிரிதான் எறிந்தார். காதுக்குப் பக்கத்தில் போகிற மாதிரி. கை ஏமாற்றிவிட்டது. கல் பட்டதும் அவர் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதே என்று அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "கொண்டால" என்று கையை நீட்டியது கல்லுக்காக இல்லை. அவனைப் பிடித்துக்கொள்ள.

உன் மகன், மாமா தன்னை வேண்டுமென்றே அடித்துவிட்டார் என்று நினைத்துத் திருப்பி அடித்தான். மூன்று தடவை அடித்தான்.

இந்தக் கடிதத்தை ஜெயிலுக்குக் கொண்டு போ. உன் கண் தெரியாவிட்டால் வேறு யாரையாவது வைத்து அவனுக்கு வாசித்துக் காட்டு. கேட்கிற காதுப் பக்கமாக நின்று, ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லு. ஏழு வருஷம் கோர்ட் கொடுத்தது. இது நான் கொடுப்பது.

ஜெயசுந்தரி தனசிங்